அடங்கிப்போன ஆவலை மீட்பது எப்படி? பெரியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘எனக்கு எதிலும் ஆர்வமே வருவதில்லை’ என்று சொல்பவர்களைக் கொஞ்சம் பேசவிட்டுக் கேட்டால் ஒன்று புரியும். ஆர்வம் அவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. கேள்வி எழுவதற்குள் ஏதாவது ஒரு பதில் வந்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. ‘அது அப்படித்தான்’, ‘தெரிந்ததுதானே’, ‘வேண்டுமானால் தேடிக்கொள்ளலாம்’. வயது ஏற ஏற இந்த மூன்று வாக்கியங்களும் யோசிக்காமலே வரப் பழகிவிடுகின்றன.

கீழே உள்ள எட்டுப் படிகளும் ஏதோ ஒரு வகையில் அந்தப் பதிலைத் தள்ளிப்போடுகின்றன. படிகளைவிட அவற்றின் வரிசை முக்கியம். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் நேராக ஆறாவது படிக்கு, அதாவது இணையத்தில் தேடுவதற்கு, போய்விடுகிறார்கள். ஒரு வாரம் சுறுசுறுப்பாக ஓடும், பிறகு சலித்துவிடும். ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று கைவிட்டுவிடுவார்கள்.

தொடங்குமுன்

சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, நாளுக்குக் கால் மணி நேரம். இவை போதும். கைபேசியில் குறித்துக்கொள்ளக் கூடாதா என்று தவறாமல் கேட்கிறார்கள். கூடாது. கேள்வியைக் குறிக்க எடுத்த கருவியிலேயே பதிலும் இருந்தால், கேள்வி அரை நிமிடம்கூடத் தாங்காது.

புதிய வகுப்பு, கட்டணச் செயலி, தொலைநோக்கி எதுவும் இப்போது வேண்டாம். பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கியவுடன் வேலை பாதி முடிந்துவிட்டதுபோல் ஒரு நிறைவு வரும். அந்த நிறைவே பலருக்கு முற்றுப்புள்ளி. கேள்வி முதலில் வரட்டும். அது கேட்கும் கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் தூக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட மனிதருக்கு எந்தப் படியும் வேலை செய்யாது. முன்பு பிடித்தவைகூட இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் துளியும் பிடிக்கவில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். இந்த வழிகாட்டி அதற்கு மருந்தாகாது.

1. ஓர் இடைவெளியை மட்டும் காலியாக விடுங்கள்

பஸ்ஸுக்குக் காத்திருப்பது, வரிசையில் நிற்பது, தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பருகே நிற்பது என்று எல்லோர் நாளிலும் சில இடைவெளிகள் உண்டு. அவற்றில் தினமும் தவறாமல் வரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் மட்டும் கைபேசி பைக்குள் இருக்கட்டும். மற்ற நேரமெல்லாம் உங்கள் விருப்பம்.

உளவியலாளர் டேனியல் பெர்லைன் ஆவலை இரண்டாகப் பிரித்தார். சலிப்பு போனால் போதும் என்று எதையாவது நாடும் ஆவல் ஒன்று. குறிப்பிட்ட ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று துடிக்கும் ஆவல் மற்றொன்று. கைபேசித் திரை முதல் வகைக்கு ஓயாமல் தீனி போடுகிறது. சலிப்பு தலைகாட்டுவதற்குள் தீர்ந்துவிடுவதால், இரண்டாவது வகைக்கு முறையே வருவதில்லை.

முதல் சில நாள்கள் வெறும் சலிப்பாகத்தான் இருக்கும். ஒன்றும் தோன்றாது. அது சரியான அறிகுறி. அந்த நாள்களில் எதையும் எழுத வேண்டாம், கவனிக்க முயலவும் வேண்டாம், சும்மா நில்லுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஆவேசத்தில் கைபேசியை ஒரேயடியாகத் துறப்பது. நான்காம் நாள் அலுவலகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ அவசர அழைப்பு வரும். விரதம் கலைந்த கையோடு எல்லாம் கலைந்துவிடும். ஓர் இடைவெளி போதும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

2. ‘தெரியும்’ என்று நினைக்கும் ஒரு பொருளை வரையுங்கள்

தினமும் கையாளும் பொருள் ஒன்றை எடுங்கள். சைக்கிள், பூட்டு, ஜிப், கழிவறைத் தண்ணீர்த் தொட்டி, குடை. அதைப் பார்க்காமல், அது எப்படி இயங்குகிறது என்று தெரியும்படி நோட்டில் வரையுங்கள். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பாகம் எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்பது மட்டும் விளங்க வேண்டும்.

சைக்கிளில் தொடங்குவது நல்லது. இங்கிலாந்தில் ரெபெக்கா லாசன் என்ற உளவியலாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் சைக்கிளை வரையச் சொன்னபோது, சங்கிலியை முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சுற்றி மாட்டியவர்கள் பலர். அப்படி மாட்டினால் கைப்பிடியைத் திருப்பவே முடியாது. சிலர் இரண்டு சக்கரங்களின் நடுவையும் ஒரே கம்பியால் இணைத்திருந்தார்கள். அந்தச் சைக்கிளும் நேராக மட்டும்தான் போகும். சைக்கிளை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறினார்கள்.

இந்தப் படியை விட்டுவிட்டால் அடுத்த ஆறு படிகளும் வெறும் சடங்காகிவிடும். லியோனிட் ரோஸன்ப்ளிட், ஃபிராங்க் கெய்ல் என்ற இருவர் 2002-இல் இதை விளக்கினார்கள். ஜிப், பூட்டு போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லி, மீண்டும் மதிப்பெண் கேட்டார்கள். இப்போது தங்களுக்குத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

பொருளைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதை, அது இயங்கும் விதம் தெரிந்ததாக மனம் கணக்கு எழுதிவிடுகிறது. பேனா எங்கே நிற்கிறதோ அங்கே அந்தக் கணக்கு உதைக்கும். அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வரைந்து முடித்த பிறகு பொருளை எடுத்துப் பாருங்கள். படத்தைத் திருத்தாதீர்கள், தவறு தவறாகவே இருக்கட்டும். பின்னால் உதவும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று பொருள்கள் போதும். வெட்கப்பட்டுக்கொண்டு, முன்கூட்டியே படித்துவிட்டு வந்து வரைபவர்களும் உண்டு. யாருக்கு மதிப்பெண் வாங்கித் தரப்போகிறார்களோ!

3. கேள்வியைச் சிறியதாக எழுதுங்கள்

இப்போதுதான் கேள்வி. ஒரு நாளைக்கு ஒன்று, காலியாக விட்ட அந்த இடைவெளியில். நிபந்தனை ஒன்றே: அது நீங்கள் கண்ணால் கண்ட, காதால் கேட்ட, கையால் தொட்ட ஒன்றிலிருந்து வர வேண்டும்.

‘பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?’ என்று தொடங்குபவர்கள் அதிகம். பெரிய கேள்விதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்று மாலை நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ‘வானம் ஏன் நீலமாக இருக்கிறது?’ என்பதில் வேறு சிக்கல். அது இரவல் கேள்வி. பள்ளியிலேயே கேட்டு, பதிலும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஓர் உதாரணம். மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் இறக்கையைப் பாருங்கள். தூசி அப்பியிருக்கும். இவ்வளவு வேகமாகச் சுற்றும் பொருளில் தூசி எப்படித் தங்குகிறது? நல்ல கேள்வி, ஆனால் இன்னும் கொஞ்சம் உடைக்கலாம். மறுபடி பாருங்கள். தூசி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சுழலும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும் விளிம்பில் தடித்த கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும், பின்விளிம்பில் குறைவு. ‘முன்விளிம்பில் மட்டும் ஏன் இவ்வளவு?’ இது சிறிய கேள்வி. இதை வைத்து வேலை செய்ய முடியும்.

உடைக்கும் வழி எளிது. ‘ஏன்’ என்று தொடங்கிய கேள்வியை எடுத்து, ‘எங்கே அதிகம், எங்கே குறைவு?’, ‘எப்போது நடக்கிறது, எப்போது நடப்பதில்லை?’, ‘எதை மாற்றினால் இது மாறும்?’ என்று மூன்றாகக் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று உங்களைத் திரும்பவும் அந்தப் பொருளிடமே அனுப்பும். அனுப்பினால் கேள்வி சரியான அளவுக்கு வந்துவிட்டது.

கேள்விகளைச் சேர்ப்பதையே பொழுதுபோக்காக்கிக்கொள்வது இங்கே வரும் இன்னொரு தடுமாற்றம். நோட்டு நிறைய அழகழகான கேள்விகள் இருக்கும். ஒன்றையும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு கேள்வி குறைந்தது அடுத்த படியைத் தாண்டும்வரை புதியதை எழுத வேண்டாம்.

4. தேடுவதற்கு முன் ஊகத்தை எழுதுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

கேள்விக்குக் கீழே உங்கள் ஊகத்தை எழுதுங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூடாது. கிறுக்குத்தனமாக இருந்தாலும் ஏதாவது ஒரு பதில் வேண்டும். அதன் கீழே இன்னும் இரண்டு வரி: ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? உங்கள் ஊகம் சரியென்றால் வேறு எதைப் பார்க்க முடிய வேண்டும்?

மின்விசிறிக் கேள்விக்குப் பெரும்பாலோர் எழுதும் ஊகம், ‘விசிறி நின்றிருக்கும்போது தூசி மேலிருந்து விழுகிறது’ என்பது. நியாயமான ஊகம்தான். இப்போது மூன்றாவது வரிக்கு வாருங்கள். இது சரியென்றால் எதைப் பார்க்க முடிய வேண்டும்? தூசி இறக்கையின் மேற்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். பரவலாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். அடிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வரியை எழுதும்போதே முன்விளிம்பின் கறுப்புக் கோடு உறுத்தத் தொடங்கும். மேலிருந்து விழும் தூசிக்கு முன்விளிம்பு எது, பின்விளிம்பு எது என்று எப்படித் தெரியும்?

அந்த உறுத்தல் எழுந்துவிட்டால் இந்தப் படியின் வேலை முடிந்தது. பொருளாதாரத்தையும் உளவியலையும் சேர்த்து ஆராய்ந்த ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவில் உள்ள பள்ளம் கண்ணில் படும்போதுதான் ஆவல் கிளம்புகிறது என்று வாதிட்டார். ஒன்றுமே தெரியாத துறையில் பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எல்லாம் தெரிந்த துறையில் பள்ளமே இல்லை. அமெரிக்காவின் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையிலும் இதே போக்கு தெரிந்தது: பதில் சுத்தமாகத் தெரியாத கேள்விகளிலும், உறுதியாகத் தெரிந்த கேள்விகளிலும் ஆவல் குறைவு, ‘இதுவாக இருக்குமோ’ என்று அரைமனதாக நின்ற கேள்விகளில்தான் அதிகம்.

ஊகத்தை எழுதுவது உங்களை அந்த அரைமன நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. முன்பு உங்களுக்குப் பந்தயம் எதுவும் இல்லை. இப்போது உங்கள் கையெழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. அது நிற்குமா விழுமா என்று பார்க்காமல் இருக்க முடியாது.

ஊகத்தை எழுதிவிட்டு ஒரு நாளாவது ஆறப்போடுங்கள். இந்தக் காத்திருப்பும் வீண் இல்லை. மத்தியாஸ் க்ரூபர், சரண் ரங்கநாத் ஆகியோரின் 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பங்கேற்றவர்கள் தாங்கள் அறியத் துடித்த பதிலுக்காகக் காத்திருந்த சில விநாடிகளில் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். ஆவல் இல்லாத கேள்விகளின்போது காட்டிய முகங்களைவிட இந்த முகங்கள் நன்றாக நினைவில் நின்றன. காத்திருக்கும் மனம் கண்ணில் படும் மற்றவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பதிலை உடனே தேடுபவர் இழப்பது இந்த நேரத்தைத்தான்.

படித்தவர்களுக்கு இந்தப் படி மிகவும் கசக்கும். தவறாக ஊகித்து எழுதி வைப்பது அவமானமாகத் தோன்றுகிறது. ‘இது காற்றியக்கவியல் சம்பந்தப்பட்டது’ என்று ஒரு துறையின் பெயரை எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். துறையின் பெயர் ஊகமாகாது. ‘மின்காந்தம்’, ‘பரிணாமம்’, ‘உளவியல்’ என்ற சொற்களில் ஒன்று நோட்டில் தனியாக நின்றால் அதை அடித்துவிட்டு, எது எதை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

5. கைக்கெட்டிய பொருளால் சோதியுங்கள்

எல்லாக் கேள்விக்கும் சோதனை அமையாது. அமையும்போது தேடுவதற்கு முன் செய்துவிட வேண்டும். பதிலைப் படித்த பிறகு செய்தால், படித்தது மட்டும்தான் கண்ணில் படும்.

மின்விசிறிக்கு: மின்சாரத்தை அணைத்துவிட்டு, உறுதியான முக்காலியில் ஏறி, வெள்ளைத் துணியால் மேற்பக்கம், அடிப்பக்கம், முன்விளிம்பு, பின்விளிம்பு என்று தனித்தனியாகத் துடைத்துத் துணியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இறக்கையை மட்டும் முழுவதும் சுத்தமாக்கிவிட்டு, நாள்தோறும் ஓடவிட்டு, சில வாரங்கள் கழித்து எங்கே முதலில் அழுக்கேறுகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான் சோதனை.

இன்னொரு சோதனையையும் சொல்கிறேன். நடந்து போகும் எவரும் செய்யலாம். வெயில் நேரத்தில் மர நிழலில் தரையைப் பாருங்கள். வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் சிதறிக் கிடக்கும். இலைகளுக்கு இடையில் உள்ள சந்துகள் கோணல்மாணலானவை. பொட்டுகள் மட்டும் ஏன் வட்டம்? முதலில் ஊகத்தை எழுதிவிடுங்கள். பிறகு ஓர் அட்டையில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் முக்கோணத் துளை போட்டு, வெயிலில் பிடித்து, அதன் ஒளி ஒரு வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. உங்கள் கண் தாளில் இருக்கட்டும்.

தாளுக்கு அருகில் அட்டை இருக்கும்போது முக்கோணம் தெரியும். அட்டையை விலக்கிக்கொண்டே போங்கள். மூலைகள் மழுங்கும். இரண்டு மீட்டர் விலகியதும் முக்கோணம் போய், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகல வட்டம் வந்திருக்கும். நீங்கள் பார்ப்பது துளையின் வடிவத்தை இல்லை, சூரியனின் பிம்பத்தை. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது மரத்தடிப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறுவதும் இதனால்தான். பிம்பத்தின் விட்டம், துளையிலிருந்து தாள் இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு. ஆகவே மரத்தடியில் ஒரு தெளிவான பொட்டை, கதிருக்குக் குறுக்காகப் பிடித்த தாளில் வாங்கி அளந்தால், அதை உண்டாக்கிய சந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் பொட்டு என்றால் ஐந்தரை மீட்டர்.

சோதனை என்றவுடன் ஆய்வகம் நினைவுக்கு வருபவர்களுக்கு ஒன்று. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சி.வி. ராமன், தன்னிடமிருந்த ஒரு சிறிய நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது வடிகட்டிவிடும். ராலே சொன்னது சரியென்றால் நீலம் மங்க வேண்டும்; மங்கவில்லை. நான்காம் படியின் மூன்றாவது வரியும் ஐந்தாம் படியும் சேர்ந்தால் இதுதான்.

6. இப்போது தேடுங்கள், முடிந்ததும் மூடுங்கள்

தேடும்போது நோட்டு திறந்திருக்கட்டும். உங்கள் ஊகம் எங்கே சரி, எங்கே தவறு என்பதை மட்டும் பாருங்கள். ஒரே விளக்கத்தோடு நிற்காமல் இரண்டு இடங்களிலாவது ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதிர்ஷ்டம். புதிய கேள்வி தானாக வந்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு, பார்க்காமல், உங்கள் சொற்களில் நான்கைந்து வரி எழுதுங்கள். மின்விசிறிக்கு இப்படி இருக்கலாம்: ‘இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அதனால் ஒட்டிய நுண்தூசியைக் காற்று வாரிக்கொண்டு போவதில்லை. முன்விளிம்பு எதிரே வரும் காற்றைப் பிளக்கும்போது காற்று வளைந்து விலகிவிடுகிறது. தூசியால் அவ்வளவு சட்டென்று வளைய முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது.’ எங்கே எழுத முடியாமல் நிற்கிறதோ, அங்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இந்தக் கடைசி வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. படித்தவுடன் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். இரண்டாம் படியில் வந்த அதே கெய்ல், வேறு இருவருடன் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எச்சரிக்கை. இணையத்தில் சில விளக்கங்களைத் தேடிப் படித்தவர்கள், தாங்கள் தேடவே இல்லாத வேறு விஷயங்களையும் நன்றாக விளக்க முடியும் என்று தங்களை உயர்த்தி மதிப்பிட்டுக்கொண்டார்கள். திரையில் இருப்பதும் தலையில் இருப்பதும் மனதுக்கு ஒன்றாகிவிடுகிறது.

ஒரு சுட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மின்விசிறியில் தொடங்கி ஏதோ ஒரு பேரரசின் வீழ்ச்சியில் போய் முடிப்பது சுகமாகத்தான் இருக்கும். அது நுனிப்புல் மேய்வது. காலையில் எதுவும் நினைவிருக்காது. வழியில் கண்ணில் பட்டதை நோட்டில் கேள்வியாகக் குறித்துவிட்டு வெளியே வாருங்கள்.

7. அந்த வேலையைச் செய்பவரிடம் கேளுங்கள்

சில பதில்கள் எங்கும் எழுதப்படவில்லை, கைகளில் இருக்கின்றன. பூட்டு பழுதுபார்ப்பவருக்குச் சாவி எந்த இடத்தில் முதலில் தேயும் என்று தெரியும். செவிலியருக்கு, நோயாளி வலியை மறைக்கிறார் என்பது எதிலிருந்து தெரியும் என்று தெரியும். பஸ் ஓட்டுநருக்கு, பக்கத்தில் வரும் வண்டி திடீரென்று குறுக்கே பாயப்போகிறதா என்பது முன்கூட்டியே தெரியும்.

கேட்கும்போது ‘ஏன்’ என்பதைத் தவிர்த்து ‘எப்படி’ என்று தொடங்குங்கள். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்றால் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்போல் ஒலிக்கும். எதிரில் இருப்பவர் தன் செய்கையை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். ‘இது சரியாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால், செய்து காட்டவே செய்வார். பொதுவான கேள்வியைவிடக் குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைக் கேட்பதும் பலன் தரும்: ‘உங்களைத் திண்டாட வைத்த பூட்டு எது?’

முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம். அவர் சொன்ன பதிலிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உரையாடலில் இப்படித் தொடர்ந்து கேட்டவர்களை எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போய், பதில் முடிவதற்குள் அடுத்ததைக் கேட்பார்கள். நேர்முகத் தேர்வுபோல் ஆகிவிடும்.

வருமானம், திருமணம், நோய், நம்பிக்கை இவற்றில் மூக்கை நுழைக்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்; மற்றதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேலையில் மும்முரமாக இருக்கும்போது கேட்காமல் இருப்பதும் இதில் அடங்கும்.

8. வாரம் ஒருமுறை நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

வாரக் கடைசியில் பத்து நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி: முடிந்தது, தொடரும், விட்டேன்.

‘விட்டேன்’ என்று எழுதக் கூசாதீர்கள். முடிக்காத கேள்விகள் கடன் பாக்கிபோல் குவிந்தால், நோட்டைத் திறக்கவே மனம் வராது. உங்களை இழுக்காத கேள்வி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் விட்டுவிடலாம். அறிவாளிபோல் தெரிவதற்காகப் பிடித்துவைத்திருக்கும் கேள்விகளைத்தான் முதலில் விட வேண்டும்.

ஒரு மாதம் ஆனதும் ‘தொடரும்’ என்ற குறிகளை மட்டும் சேர்த்துப் படியுங்கள். ஏதோ ஒரு திசை தெரியும். ஒருவருக்கு எல்லாமே பொருள்கள் தேய்வதையும் உடைவதையும் பற்றி இருக்கும். இன்னொருவருக்கு மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி. புத்தகமோ வகுப்போ கருவியோ வாங்க நினைத்தால் அதற்கான நேரம் இதுதான். இப்போது வாங்குவதற்குப் பின்னால் சொந்தக் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. அதனால் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தில் தொடங்குவது என்றும் தெரியும்.

எதுவும் நகராதபோது

கேள்வியே வரவில்லை என்றால் இடத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றுங்கள். காலையில் பார்க்கும் அதே தெரு இரவில் வேறு கேள்விகளைத் தரும். அப்படியும் வராவிட்டால், பத்து நிமிடம் ஒரே சுவரையோ ஒரே செடியையோ பார்த்து, கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். முதல் ஐந்து வரி எல்லோரும் எழுதுவது. அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்க்கத் தொடங்குகிறீர்கள்.

ஊகங்கள் எல்லாம் சரியாகவே வருகின்றன என்றால், ஏற்கெனவே தெரிந்த துறைக்குள் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தொழிலோடு சம்பந்தமில்லாத பொருள் ஒன்றை வரைந்து பாருங்கள்.

வீட்டில் கேலி செய்தால், அவர்களிடமே ஊகத்தைக் கேளுங்கள். ‘முன்விளிம்பில் மட்டும் ஏன் தூசி?’ என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அன்று மாலைக்குள் யாராவது முக்காலியை இழுத்துக்கொண்டு போவார்கள்.

வேலைப்பளுவில் சில வாரங்கள் விட்டுப்போனால், முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட கேள்வியைத் தேடிப் பழைய பக்கங்களைப் புரட்டவும் வேண்டாம். நேராக இரண்டாம் படிக்கு வாருங்கள். புதிய பக்கம், கையருகே இருக்கும் ஏதாவது ஒரு பொருள், அதைப் பார்க்காமல் ஒரு படம்.